குடைக்கம்பித் தண்டவாளம்

ஐப்பசி பிறந்துவிட்டால் தூத்துக்குடி முத்தையாபுரத்து உப்பளங்களில் வேலை நின்றுபோகும். பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும். வாரிய உப்பெல்லாம் பனையோலைக் கீற்றுக்குள் ஒடுங்கியிருக்கும். எங்கள் தெருவில் தோணி கட்டும் ஆசாரித் தாத்தாவின் சாய்ப்பில் பொம்மை ரயில் செய்யும் வேலை நடப்பது அந்த நாட்களில்தான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அவரைப் பிடிக்க முடியாது. கொழும்புத் தோணிகள் கரையேறி நிற்கும், அவர் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலைக்குப் போய்விடுவார். மழைக்காலம் மட்டும்தான் அவர் சிறுவர்களான எங்களுக்குச் சொந்தம்.

சாய்ப்புக்குள் நுழைந்தாலே வச்சிரப்பசை காயும் வாடை வரும். வாகைச் சிராயும் அடுத்த வீட்டுக் கருவாடும் அதோடு கலந்திருக்கும். அவர் செய்தது நாங்கள் ஏறிப் போன ரயிலை அல்ல, சின்னப் பையனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தான் பார்த்த பழைய போட் மெயிலை. 1876-ல் தூத்துக்குடிக்கு வந்த ரயில் பாதையில் ஓடியது அது. மதராஸிலிருந்து வந்தவர்கள் இங்கே இறங்குவார்கள். கரையில் ஆழமில்லாததால் நீராவிப் படகில் ஏறி, தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலுக்குப் போவார்கள், கொழும்புக்கு. தாத்தாவின் அப்பா அவர்களுடைய பெட்டி சுமந்தவர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது. "அந்த வண்டி போனதோட ஊருச் சத்தமே பாதியாப் போச்சுல" என்பார்.

அடிக்கு அரை அங்குலம் என்பது அவர் கணக்கு. மீட்டர் கேஜ் பாதை அந்தக் கணக்கில் ஒன்றரை அங்குலமும் ஒரு நூலும் ஆகும். ஒடிந்த குடையின் கம்பிதான் தண்டவாளம், பனைமட்டைச் சீவல் அடிக்கட்டை. ஜல்லிக்கு நொறுக்கிய சிப்பி போடுவார். 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கரையில் குவிந்து கிடந்த சிப்பி அது. பித்தளைக் குழாயை அறுத்துப் புகைபோக்கி வைத்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பலகை இருக்கையைக்கூட விடவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே ஈர்க்கு மாதிரி வரிசையாக இருக்கும்.

ஓட்டுகிற நாளில் ஒரு முறை உண்டு. தாத்தா நூலைப் பிடித்து இழுப்பார். ஒருவனுக்கு மட்டும் ஓலைப் பீப்பி ஊத உரிமை, மற்றவர்கள் வாயால் நீராவி விட வேண்டும். "எலே, தண்டவாளத்த மிதிச்சிராதிய!" என்ற அதட்டல் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பெட்டிகள் வாசற்படி வரைக்கும் போகும். அதற்கு அப்பால் கப்பல் நிற்பதாகக் கணக்கு. நாங்கள் கொழும்புக்கு வழியனுப்பிவிட்டு, கருப்பட்டிக் காப்பி குடித்துக் கலைவோம்.

இன்று அந்தத் தெருவில் நின்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல்தான் கேட்கிறது. சாய்ப்பு இல்லை. மீட்டர் கேஜும் போய்விட்டது. பாய்மரத் தோணி கட்டிய கைகளும் இல்லை. அந்த ரயில் யார் வீட்டுப் பரணுக்குப் போனதோ, விறகோடு போனதோ, கேட்டவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

ரயிலைவிட எனக்கு ஆறாதது அந்த அளவுகள்தான். ஒரு துறைமுகத்தின் பழைய வாழ்வை நூல் பிசகாமல் மனத்தில் வைத்திருந்தார் ஒரு மனிதர். மழைக்காலம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களிடம் சிலேட்டும் பலப்பமும் இருந்தன. அவரிடம் கேட்டு எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.