ஐந்து சென்டிமீட்டர் இடம்

காரில் பாட்டுக் கேட்கிற செட்டுகள் பெரும்பாலும் இரண்டே அளவில் அடங்கிவிடும். ஜெர்மனிக்காரர்கள் வகுத்த கணக்கு அது. சிங்கிள் டின் என்றால் முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்றால் அகலம் அதேதான். உயரம் மட்டும் 100. வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி நீளம். அந்தத் தீப்பெட்டி நீளத்துக்காகத் தாம்பரம் வட்டாரத்தில் அறுபட்ட டேஷ்போர்டுகளுக்குக் கணக்கே கிடையாது.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு கார் எலக்ட்ரீஷியன் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு என் சாயங்காலங்களில் பாதி அந்தப் பெஞ்சில்தான் கழிகிறது. வீட்டில் கேட்டால் நான் வாக்கிங் போயிருப்பதாகச் சொல்வார்கள். பொய்யில்லை, பெஞ்சு வரைக்கும் நடந்துதானே போகிறேன்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரில் பாட்டு என்பது முதலாளிமார் சமாச்சாரம். அம்பாசடரின் டேஷ்போர்டு தகடு. அதற்கு அடியில் ஒரு பட்டியைப் போட்டு ரேடியோவைத் தொங்கவிடுவார்கள். ரேடியோ வைத்துக்கொள்ளவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம். இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு நம் சென்னையில்தான் 1977 ஜூலை 23ஆம் தேதி தொடங்கியது என்கிறார்கள். அதைப் பிடிக்கிற பெட்டி எங்களிடம் இல்லாததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை. நாங்கள் பாட்டுக்கு இலங்கை வானொலியின் இரைச்சலுக்கு நடுவே பாட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பிறகு கேசட் வந்தது. பட்டறை முதலாளி பர்மா பஜாரில் ஒரு ஜப்பான் செட்டு வாங்கி வண்டியில் மாட்டினார். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருகிற கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. இளையராஜா பாட்டாகப் பதிந்து வந்தது. அதற்கப்புறம் அவர் வண்டியைக் கழுவ எங்களுக்குள் நான் நீ என்று போட்டி. கழுவுகிற நேரத்தில் செட்டைப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? கழுவின பானட்டையே மறுபடி கழுவி, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்து, பாட்டு முடிகிற வரை வாளியைக் கீழே வைக்க மாட்டேன். முதலாளிக்கு விஷயம் தெரிந்தே இருந்திருக்கும். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிளாஸ்டிக் டேஷ்போர்டை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது ஒரு ஸ்டாண்டர்ட் 2000 காரில். பெருங்களத்தூர்ப் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985இல் கொண்டுவந்த கார் அது. உடம்பு இங்கிலாந்து ரோவருடையது, எஞ்சின் பழசு. மூன்று வருஷத்தில் கம்பெனியின் கதையே முடிந்தது. ஆனாலும் அந்த டேஷ்போர்டு எனக்கு அப்போது பெரிய அதிசயம். இதை எப்படி அறுப்பது, எப்படி ஒட்டுவது என்றுதான் என் புத்தி போயிற்று. தகட்டைத் தப்பாக அறுத்தால் காஸ் வெல்டிங் வைத்து, ராவி, பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் அந்தச் சலுகை இல்லை.

எங்கள் மேஸ்திரி அடிக்கடி சொல்வார்: "கோட்டைத் தின்னாதடா." தகட்டில் ஸ்கிரைபரால் கோடு கிழித்த பிறகு ரம்பம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. விட்டதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். திட்டுகிற விஷயத்திலும் மனிதர் அப்படித்தான். கோபம் வந்தால் ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்திவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்பார். மறுநாள் அந்த மிச்சம் வராது. ஏன் சார் பாக்கி வைக்கிறீர்கள் என்று ஒருவன் துணிந்து கேட்டே விட்டான். "காலையில பாத்தா தேவைப்படலடா" என்றார். அப்போது எங்களுக்கு அது வேடிக்கை. எனக்குப் பிள்ளைகள் வளர்ந்து, மருமகள் வந்து, வீட்டில் நாலு விதமான பேச்சு புழங்க ஆரம்பித்த பிறகுதான் அந்த மனிதர் அரத்தை மட்டும் கற்றுத்தரவில்லை என்பது புரிந்தது.

எங்கள் வீட்டுச் சின்னக் காருக்கு வயது பதினைந்துக்கு மேல். இப்போது அதை ஓட்டுவது பேத்தி. மேடவாக்கம் வழியாகச் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறாள். "தாத்தா, பெரிய ஸ்கிரீன் போடலாம். மேப் நல்லாத் தெரியும், ரிவர்ஸ் கேமராவும் வெச்சுக்கலாம்" என்றாள். வண்டியில் இருந்தது சிங்கிள் டின் செட்டு. அதற்குக் கீழே சில்லறை போடுகிற ஒரு குழி, அதற்கும் கீழே ஏசி திருகிகள். செட்டுக்கும் குழிக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு குறுக்குப் பட்டை. அந்தப் பட்டையை எடுத்தால் டபுள் டின் உட்காரும். பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கை துறுதுறுத்தது. வீட்டில் எக்சா பிளேடும் இருந்தது.

எலக்ட்ரீஷியன் தம்பி சிரித்தார். "சார், அறுக்குறது அஞ்சு நிமிஷம். முதல்ல பின்னாடி என்ன இருக்குன்னு பாத்துடலாம்."

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினார். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கழற்றிய பிறகும் சில நிமிஷம் காத்திருந்துதான் டேஷ்போர்டைத் தொட வேண்டுமாம். அந்த வண்டிகளில் மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும், அது ஏர்பேக்குடையது. வெளியில் வாங்குகிற செட்டில் மஞ்சள் ஒயர் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருகிற கரண்ட். ஒரே நிறம், இரண்டு வேலை. தெரியாதவன் கையில் இரண்டும் ஆபத்து. எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை. அந்தக் கவலை மிச்சம்.

பிறகு கடைக்குள்ளிருந்து ஒரு இட்லித் தட்டை எடுத்து வந்தார். நிஜமான இட்லித் தட்டு. கழற்றுகிற ஸ்குரூக்களை வரிசையாக ஒவ்வொரு குழியில் போட்டுக்கொண்டே போனார். ஏசி திருகியைப் பிடுங்கினால் அதற்குப் பின்னால் ஒரு ஸ்குரூ, ஆஷ் ட்ரேக்கு மேலே ஒன்று. எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறு. குட்டை ஸ்குரூ இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் அது பின்னால் போய் ஒயரைக் குத்தும். கிளிப்புகளை நெம்ப ஸ்குரூ டிரைவர் கிடையாது. காலாவதியான ஒரு ஏடிஎம் கார்டு. ஒவ்வொரு கிளிப்பும் டப்பென்று விடும்போது என் வயிறு கலங்கியது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

முகப்பு கையோடு வந்ததும் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அச்சிலேயே இரண்டு எழுத்து பதிந்திருந்தது: பிபி. பாலிப்ரொப்பிலீன் என்று அர்த்தம். சில வண்டிகளில் ஏபிஎஸ் என்று இருக்கும். இதைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது என்றார். ஏபிஎஸ் என்றால் அதன் தூளையே அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி இடுக்கில் பூசலாம், கல்லாகப் பிடித்துக்கொள்ளும். பிபியில் அசிட்டோன் வேலைக்காகாது; கடையில் விற்கிற சாதாரணப் பசை அதில் நிலைத்து ஒட்டுவதில்லை. அதே ஜாதிப் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் இணைக்க வேண்டும். வழவழப்பான முகப்புக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புகள். வண்டி குலுங்கும்போது டேஷ்போர்டு கடகடக்காமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான். அதற்கும் பின்னால் ஏசி காற்று போகிற குழாய், ஒயர் கட்டு. நான் அறுக்க நினைத்த குறுக்குப் பட்டையில் இரண்டு விலாக்கள் வந்து சேர்ந்திருந்தன.

எக்சா பிளேடை எடுத்துக்கொண்டு வந்தவன் மெதுவாக அதைப் பைக்குள் வைத்தேன்.

இந்த மாடலுக்கு ரெடிமேட் ஃப்ரேம் கிடைக்குமா என்று முதலில் விசாரித்தோம். கார் சாமான் என்றால் மவுண்ட் ரோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். அங்கே கிடைத்தது. ஃப்ரேம் வெளிப்பக்கத்து அழகைப் பார்த்துக்கொள்ளும். உள்பக்கத்துப் பட்டையை எடுப்பது நம் வேலை. அறுக்கிற வேலையைத் தம்பி என்னிடமே விட்டார். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டேன். விலாக்களை அடியோடு எடுக்காமல் கொஞ்சம் நிறுத்தி, கோட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் உள்ளேயே அறுத்து, மிச்சத்தைப் பொடி அரத்தால் ராவி, கடைசியில் உப்புத்தாள். செட்டை வைத்துப் பார்ப்பது, எடுப்பது, இரண்டு இழுப்பு ராவுவது, மறுபடி வைத்துப் பார்ப்பது என்று ஒரு முழு மத்தியானம் போனது. இடைவெளி இல்லாமல் இறுக்கமாக உட்கார வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய ஃபிட்டர் புத்தி. தம்பி விடவில்லை. "மே மாசம் வெயில்ல நிக்கும் சார். பிளாஸ்டிக் நீளும்" என்றார். சரிதான். இருநூறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் நாற்பது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அக்னி நட்சத்திரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் காலையில் வண்டியை விட்டுவிட்டு மதியம் வந்து டேஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் கணக்கே வேண்டாம். நீள இடமில்லாத பிளாஸ்டிக் வளையும், இல்லாவிட்டால் விரியும்.

செட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையைக் கொடுத்து, டேஷ்போர்டுக்குள் ஓடும் குறுக்குக் கம்பியோடு அதை முடுக்கினார். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற வேலை அவரிடம் கிடையாது. வண்டியின் கப்ளருக்குப் பொருந்துகிற கப்ளர் வாங்கிச் செருகுவதோடு சரி. நாளைக்கே வண்டியை விற்றால் பழைய செட்டை அப்படியே மாட்டிக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "வெள்ளத்துல சார்" என்றார்.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் வந்தபோது கார்கள் நின்ற இடத்திலேயே முழுகின. அப்போது அவர் இன்னொரு கடையில் கையாள். தண்ணீர் வடிந்த பிறகு மாதக்கணக்கில் அவர் செய்த வேலை டேஷ்போர்டைக் கழற்றுவதுதான். உள்ளே சேறு, கப்ளர் பின்களில் பச்சையாகக் களிம்பு. ஒவ்வொன்றாகக் கழுவி, காயவைத்து, திருப்பி மாட்ட வேண்டும். எல்லா வண்டியின் உள்கட்டும் கைக்கு மனப்பாடமானது அப்போதுதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் என்னென்னவோ விழுந்து கிடக்குமாம்: டோல் ரசீது, சாமி படம், குழந்தையின் கிலுகிலுப்பை, ஒற்றைத் தோடு. கிடைத்ததையெல்லாம் கழுவித் துடைத்து, ஒரு கவரில் போட்டு, மேலே வண்டி நம்பரை எழுதி வைப்பார். வீட்டில் பாதிச் சாமானைத் தண்ணீர் கொண்டுபோன ஒருவர் அந்தத் தோட்டைப் பார்த்துவிட்டுக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதற்கு மேல் தம்பி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரும் தன் காரைக் கொண்டு வந்தார். அவர் அதற்கு முன்பே வேறொரு கடையில் பெரிய செட்டு போட்டிருந்தார். ஒரு கோடைதான் தாங்கியது. செட்டு முன்பக்கம் சரிந்து, வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தாளம் போட்டது. பிரித்துப் பார்த்தால் விலாக்கள் ஒன்றுகூட இல்லை. சூடான சால்டரிங் இரும்பால் சுட்டு எடுத்திருந்தார்கள். பின்னால் பிடிமானமே கிடையாது. எழுத்தைப் பார்த்தால் பிபி. ஆனால் ஓரமெல்லாம் உடனடிப் பசை, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். இப்போதே அந்தக் கடைக்குப் போவோம், நீங்களும் வந்து சாட்சி சொல்லுங்கள் என்று தம்பியைப் பிடித்து இழுத்தார். தம்பி குனிந்தபடியே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுத்தது வேலை கத்துக்குற பையனா இருப்பான் சார். கையில இரும்பக் குடுத்தவங்க பின்னாடி என்ன இருக்குன்னு காட்டிருக்க மாட்டாங்க. விடுங்க, நான் சரி பண்ணித் தரேன்." இன்னொருவன் வேலையைப் பழித்துத் தன் வேலைக்கு விலை ஏற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அது சர்வ சாதாரணம். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுப் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீ வந்தது.

புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய உடைந்த பம்பர் ஒன்று கடையில் கிடந்தது. பம்பரும் பெரும்பாலும் பிபி வகைதான். அதிலிருந்து பட்டை பட்டையாக நறுக்கி, சால்டரிங் இரும்பால் உருக்கி, போன விலாக்களுக்குப் பதில் புது விலாக்களை வார்த்தார். புகை ஆகாது என்று மரத்தடிக்குக் கொண்டுவந்துதான் செய்தார். பார்க்க அவலட்சணமாகத்தான் இருந்தது, தடித்த தழும்பு மாதிரி. ஆனால் அழுத்திப் பார்த்தால் அசையவில்லை. கூலியாக அவர் கேட்டது ஒரு இரும்புப் பட்டைக்கும் ஒரு கப்ளருக்கும் ஆன காசோடு கொஞ்சம். பக்கத்து வீட்டுக்காரர் கூடவே கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேத்திக்கு இப்போது செட்டின் மேல் பரம திருப்தி. ஆனால் மேப் பார்ப்பதென்னவோ பழையபடி செல்போனில்தான். அதுதான் சீக்கிரம் வருகிறதாம். பெரிய ஸ்கிரீனில் வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பாட்டின் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் டிக்கியில் ஒரு வூஃபர் வைக்கலாமா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறாள். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட வேண்டும், தீபாவளி போனஸ் வரட்டும் என்று அவரும் கணக்குச் சொல்லியிருக்கிறார். டிக்கியில் என் மடக்கு நாற்காலி இருக்கிறது, அதை எடுக்க முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். நாற்காலியின் அளவு என்ன என்று இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு போனார்கள்.