ரெண்டு கம்பி கம்மி

"ஏனுங்க தம்பி, உங்க கிட்டார்ல ரெண்டு கம்பி அறுந்து போச்சுங்களா?"

பத்து வருடங்களுக்கு மேலாக மேடையேறுகிறேன். கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, ஒருமுறை ஒரு பாத்திரக்கடைத் திறப்பு விழா. எங்கே போனாலும் யாராவது ஒருவர் மேடை ஓரமாக வந்து இதைக் கேட்டுவிடுவார். ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இது பேஸ் கிட்டாருங்க, இதுக்கு நாலு கம்பிதான், கீழ் சுரங்களுக்கானதுங்க என்று. இப்போதெல்லாம் "ஆமாங்க, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கும் அதில்தான் திருப்தி.

வார நாட்களில் கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. சனி, ஞாயிறு லைட் மியூசிக். பொள்ளாச்சி, திருப்பூர், அவிநாசி, கோபி என்று இரண்டு மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய ஊர்கள். எங்கள் பக்கம் கச்சேரிக்கு எழுதப்படாத வரிசை ஒன்று உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டோ முருகன் பாட்டோ. பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி. எட்டு மணிக்கு மேல் இளையராஜா. கடைசி அரை மணி நேரம் மேடைக்கு முன்னால் ஆடக் காத்திருக்கும் பையன்களுக்கு. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அதனால் ஒன்பது ஐம்பதுக்கு ஒரு போலீஸ்காரர் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். நடுநடுவே பாட்டு கேட்டுச் சீட்டு வரும். சில சீட்டுக்குள் ஐம்பது ரூபாய் நோட்டு மடித்து வைத்திருப்பார்கள். அது பாடகருக்கு.

நாங்கள் சொந்தமாக எதையும் வாசிப்பதில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு அடுத்தவர் வாசித்தது போலவே வாசிக்கிறோமோ அவ்வளவுக்கு மரியாதை. "அப்படியே கேசட்ல கேட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு. புல்லாங்குழல் பிட்டில் ஒரு சுரம் பிசகினால் முன்வரிசைப் பெரியவர் முகத்தைச் சுளிப்பார். பேஸில் பிசகினால் யாருக்கும் தெரியாது. பாடகருக்கு மட்டும் ஏதோ படியில் கால் வழுக்கிய மாதிரி இருக்கும். ஆனால் வழுக்கியது எதனால் என்று அவருக்கும் தெரியாது.

மண்டபங்களில் பேஸுக்கு இன்னொரு பிரச்சினை. பெண்ணுடைய பெரியப்பா மாதிரி யாராவது எழுந்து வந்து, "சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க தம்பி, நெஞ்சு அதிருது" என்பார். நாள் முழுக்க நான் வாசித்ததை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதற்கான ஒரே அத்தாட்சி அந்தப் புகார்தான்.

*

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் ஒரு வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். நம் ஊர்த் திருவிழாக்களில் தெருமுழுக்கக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரில் அந்த ஒலி வெளியே வர வழியே இல்லை. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக எதுவும் கேட்காது. டீக்கடை ரேடியோவிலும் இன்றைய மொபைல் ஸ்பீக்கரிலும் கிட்டத்தட்ட அதே கதை. அப்படியென்றால் இத்தனை வருடங்களாக நாமெல்லாம் ராஜா பாட்டின் பேஸை எப்படிக் கேட்டோம்?

கேட்கவில்லை, கணக்குப் போட்டோம் என்பதுதான் பதில். ஒரு சுரம் ஒலிக்கும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே ஒலிக்கும். அடிப்படை அதிர்வு வராவிட்டாலும் மேலே உள்ள மடங்குகள் காதுக்கு வந்தால் போதும். அவற்றுக்கு இடையில் இருக்கும் இடைவெளியை வைத்து, வராத அந்தச் சுரத்தையும் மூளை தானாகவே சேர்த்துக்கொள்ளும். பேருந்தில் கேட்டது, சலூனில் கேட்டது எல்லாவற்றிலும் பாதி பேஸ் நம் மண்டைக்குள்தான் ஒலித்திருக்கிறது.

ராஜா விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பல இசையமைப்பாளர்களிடம் பேஸ் என்றால் கார்டின் மூலச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு தாளத்தோடு நடப்பது. ராஜா பேஸுக்கும் தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுத்தவர். நீண்ட காலம் அவருக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்த வாசிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்டால் பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுவது தெரியும். 'ரெட்டைவால் குருவி' படத்து 'ராஜ ராஜ சோழன் நான்' நல்ல உதாரணம். 1987-இல் வந்த பாட்டு, கீரவாணி, யேசுதாஸ். அவர் மூச்சை நிதானமாக விட்டுப் பாடிக்கொண்டிருப்பார். கீழே பேஸ் தன்பாட்டுக்கு எங்கோ போய்விட்டுச் சரியான நேரத்துக்கு வீடு திரும்பிவிடும்.

அந்தப் பாட்டைத்தான் மாஸ்டர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்.

*

இல்லை, முதலில் சொல்லிக்கொடுத்தது வயர் சுற்றுவதை. கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரை முழங்கையில் போட்டுக் கயிறு மாதிரிச் சுற்றக் கூடாது. உள்ளே கம்பி முறுக்கி உடைந்துவிடும். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்றை உள்பக்கமாகத் திருப்பி. "வயரு போனா நீங்க எம்புட்டு நல்லா வாசிச்சும் புண்ணியமில்லீங்க தம்பி." என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். கடைசிவரை என்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டார்.

இருபது வயதிலிருந்து ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் வாசிக்கிறவர். வேறு வேலை கிடையாது. கேசட் காலத்தில் டேப் ரெக்கார்டரை மர பீரோ மேல் கவிழ்த்துவைத்து, பீரோவில் காதை ஒட்டி, பேஸைப் பிரித்து எடுத்திருக்கிறார். ஒரு பாட்டுக்கு நாலு நாள் ஆகுமாம். எனக்கு அதே வேலை ஹெட்போனில் ஒரு மணி நேரம்.

அந்தத் திமிரில் ஒருநாள் ஒரு காரியம் செய்தேன். 'ராஜ ராஜ சோழன்' பாட்டில் ஓரிடத்தில் ஒரிஜினலில் பேஸ் கீழே இறங்கும். மாஸ்டர் அங்கே மேலே ஏறுவார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, அந்த நாலு வினாடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆமாங்க தம்பி, இறங்குது" என்றார். அந்த வாரம் அன்னூர் பக்கம் ஒரு கோயில் கச்சேரி. அதே இடத்தில் பழையபடி மேலே ஏறினார்.

பீரோ அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது. முப்பது வருடம் அப்படியே வாசித்துவிட்டார். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அவரிடம் கற்றேன். மேடையில் பாடகர் திடீரென்று திரும்பி, "அரைக் கட்டை இறக்கிக்கலாங்களா, தொண்டை சரியில்ல" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு அதே கட்டைகளில் வாசிப்பார். பேஸ்காரனுக்குப் பட்டன் கிடையாது. பாட்டு முழுவதையும் மனசுக்குள் ஒரு வீடு தள்ளிவைத்து வாசிக்க வேண்டும். சும்மா மீட்டிக்கொண்டிருந்த திறந்த கம்பியெல்லாம் அப்போது உதவாது. மாஸ்டர் அதைச் சிரித்துக்கொண்டே செய்வார்.

*

2020 மார்ச்சில் கச்சேரிகள் நின்றன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துகொண்டிருந்தது. செலவில்லாததால் கையில் காசு சேர்ந்து நல்ல ஆம்ப் ஒன்று வாங்கினேன். அதே சமயத்தில் மாஸ்டர் தன் ஆம்ப்பை விற்றார். எனக்கு அது பின்னால்தான் தெரியும். மாதம் ஒருமுறை போன் செய்து நலம் விசாரித்தேன். அவரும் "நல்லாருக்கோங்க தம்பி" என்பார். நானும் அதை நம்பிக்கொண்டேன், அது வசதியாக இருந்ததால்.

திரும்பக் கச்சேரிகள் ஆரம்பித்தபோது குழு ஓனர் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சில ரிசப்ஷன். ஃப்ரீங்களா?"

"மாஸ்டர் வரலீங்களா?"

"அவருகிட்ட ஆம்ப் இல்லீங்க. வாடகைக்கு எடுத்தா எனக்குக் கட்டுபடியாகாது. பேமென்ட்டு முன்ன மாதிரி இல்ல பாருங்க, பார்ட்டிங்க எல்லாம் பாதிதான் குடுக்கறாங்க."

"பேமென்ட் பத்திக் கவலைப்படாதீங்ணா" என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். எனக்கு அந்த இரண்டாயிரம் ரூபாய் தேவையில்லை, வாசிக்கக் கிடைத்தால் போதும். என் காரிலேயே ஆம்ப்பை ஏற்றிக்கொண்டு போனேன். ஓனருக்கு வேனில் இடமும் மிச்சம். அடுத்த வாரமும் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும்.

ஏழெட்டு மாதம் கழித்து மாஸ்டரே கூப்பிட்டார். குழந்தை, ஊர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"கேக்கறனேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. ஒரு புரோகிராமுக்கு எவ்வளவு வாங்கறீங்க?"

"பெட்ரோலுக்கு ஏதாவது குடுப்பாங்க மாஸ்டர். நான் கேக்கறதில்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் எங்கோ டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"வாங்குங்க தம்பி" என்றார். "நீங்க வாங்கலீன்னா நான் கேக்க முடியாதுங்க."

அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லும் குரல்.

எங்கள் ஆபீஸில் நாளைக்கே ஒருவன் வந்து, எனக்குக் கோடு எழுதப் பிடிக்கும், வீட்டில் வசதி இருக்கிறது, சம்பளம் வேண்டாம் என்று உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன்? அவனுடைய ஆர்வத்தை மெச்சுவேனா? இந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. காசு வாங்காமல் வாசிப்பதை ஒரு பெருந்தன்மையாக, சொல்லப்போனால் ஒரு தவமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம் "நான் காசுக்காக வாசிக்கல" என்று சொல்லியிருக்கிறேன். காசுக்காக வாசிக்கிற ஒருவருடைய இடத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லியிருக்கிறேன்.

*

அடுத்த கச்சேரிக்கு மாஸ்டர் வாங்கிக்கொண்டிருந்த அதே தொகையைக் கேட்டேன். ஓனர் சிரித்தார், கொடுத்தார். இன்னும் இரண்டு மேடை அப்படிப் போனது. பிறகு போன் வரவில்லை. மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்த தப்பு அதோடு நேராகிவிட்டது என்று ஒரு நிம்மதி கூட.

அப்படி நடக்கவில்லை. கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸையும் வாசித்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. சில பாட்டுக்கு லேப்டாப்பில் டிராக். ஓனரையும் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பேருடன் போன குழு ஆறு பேராகியிருந்தது. ஷெனாயும் வயலினும் எப்போதோ கீபோர்டுக்குள் போய்விட்டன. மெஷின் ஒன்றும் புதிதாக வரவில்லை. ராஜாவே 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியை வைத்து வாசிக்கவைத்தவர்தான். ஆனால் எங்கள் குழுவில் பேஸ் இல்லாமலும் கச்சேரி நடத்தலாம் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு விலை சொன்னபோது வந்தது. மாஸ்டரின் விலையை நான் முதலில் பூஜ்யமாக்கினேன். அதன்பிறகு எந்தத் தொகையும் அதிகம்தான்.

நான் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. ஒருமுறை ஆரம்பித்தேன். "அட விடுங்க தம்பி" என்று பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார். அவர் இப்போது ஒரு வாத்தியக்கடையில் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக் கொடுக்கிறார். சாயங்காலம் இரண்டு பையன்களுக்கு வகுப்பு.

போன தை மாதம் ஓனரிடமிருந்து போன். திருப்பூரில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்கு எல்லாமே லைவாக வேண்டுமாம், பேஸ் கட்டாயமாம். "மாஸ்டரைக் கூப்பிடுங்ணா, ஆம்ப் நான் குடுத்துவிடறேன்" என்றேன். ஆம்ப்பைக் கொண்டுபோகும் சாக்கில் நானும் போனேன்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையை மறைத்தபடி போட்டோவுக்கு வரிசை நின்றது. மாஸ்டர் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் கை வைத்திருந்தேன், அதில் மெல்லிய அதிர்வு. ஒன்பது மணி வாக்கில் 'ராஜ ராஜ சோழன்' வந்தது. அந்த இடம் வந்தபோது பேஸ் மேலே ஏறியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா பாக்குமட்டைத் தட்டில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. வீட்டில் தனியாக அந்தப் பாட்டை வாசிக்கும்போது நானும் இப்போது மேலேதான் போகிறேன்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் போனேன்.

"எவ்வளவு குடுத்தாங்க மாஸ்டர்?"

"ஆயிரத்து ஐநூறுங்க."

2019-இல் வாங்கியதைவிட ஐநூறு கம்மி. அதை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். மாஸ்டர் கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

"இன்னும் முறுக்கறீங்களே தம்பி" என்று வாங்கி, பிரித்துப் போட்டு, முதலிலிருந்து சுற்றினார்.