கல்கத்தாவும் அகர்தலாவும்

கல்கத்தாவில் ஆகாய விமானம் ஏறிய நாம், ஒரு மணி நேரத்திற்கெல்லாம் திரிபுராவின் தலைநகரான அகர்தலாவில் இறங்கிவிட்டோம். நேர்க்கோட்டில் தூரம் சுமார் 330 கிலோமீட்டர்தான். ஆனால் இந்திய மண்ணை விட்டு அகலாமல் சாலை வழியே போகிறவர், வடக்கே சிலிகுரி சென்று, சுமார் 20 கிலோமீட்டரே அகலமுள்ள இடுக்கில் நுழைந்து, அஸ்ஸாமையும் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். 1947-இல் வங்காளத்தை இரண்டாக வகிர்ந்த கோட்டின் கைங்கரியம் இது!

அந்தக் கோட்டைக் காண ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். கீழே அதே பசும் வயல்கள், அதே கலங்கிய ஆறுகள். எல்லை எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று யார் கண்டார்?

விமானத்துக்குப் பணமில்லாத ஏழைக்கு அந்தக் கோடு நன்றாகவே தெரியும். அகலப்பாதை ரயில் 2016-இல் அகர்தலாவை எட்டியது. அதுவும் அந்தச் சுற்று வழியில்தான் போகிறது.