அங்கேயே வளர்ந்தவரை எங்கே அனுப்புவது?

ஆஸ்திரேலியாவின் குடிவரவுச் சட்டம், 501-ஆம் பிரிவு. 2014-இல் அதைக் கடுமையாக்கினார்கள். 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் வெளிநாட்டவரின் விசா கட்டாயம் ரத்தாகும். முறையிட 28 நாள்தான்.

கொடுங்குற்றம் செய்தவரை வெளியேற்றுவதில் எனக்கு மறுப்பில்லை. பாதிக்கப்பட்டவர் நிம்மதியாக உறங்க வேண்டும். ஆனால் நியூசிலாந்திலிருந்து கைக்குழந்தையாக வந்து, அங்கேயே படித்து, அங்கேயே கெட்டுப்போனவரை நியூசிலாந்துக்கு விமானம் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? பெற்ற பிள்ளைகள் பிரிஸ்பேனில். இறங்கும் ஊரில் தெரிந்த முகமே இல்லை. 2020-இல் நியூசிலாந்தின் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன், ஆஸ்திரேலியாவின் அன்றைய பிரதமர் ஸ்காட் மொரிசனை அருகில் வைத்துக்கொண்டே சிட்னியில் இதைக் கண்டித்தார். அவர் பேசியது சரி.

விசா ரத்தை முடிவு செய்யும்போது ஆஸ்திரேலியாவோடு உள்ள பிணைப்பையும் முதன்மைக் காரணிகளில் ஒன்றாகக் கருதச் சொல்லி 2023-இல் ஓர் அரசு உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024-இல் அதை மாற்றிவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.