மலைநாட்டில் கடை மூடும் நாட்கள்



இலங்கைக்குப் போகிற நம் குடும்பங்கள் கொழும்பில் உறவினரைப் பார்த்துவிட்டு, கண்டியைச் சுற்றிவிட்டுத் திரும்புவதே வழக்கம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறை, வளைகுடாவிலிருந்து கணவரும் விடுப்பில் வந்திருக்கிறார் என்றால், இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள். கொழும்புக் கோட்டை நிலையத்தில் பதுளை ரயிலில் ஏறுங்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் காற்று மாறும். தென்னை மறைந்து தேயிலை தொடங்கும். அட்டன் நிலையத்தில் இறங்கும்போது 4,000 அடிக்கு மேல் வந்திருப்பீர்கள். இன்னும் போய் நானுஓயாவில் இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் சென்றால் நுவரெலியா. 6,000 அடிக்கும் மேலே. வெள்ளைக்காரர்கள் 1884இல் அட்டன் வரைக்கும், மறு ஆண்டே நானுஓயா வரைக்கும் இந்த ரயில் பாதையைப் போட்டார்கள். நமக்காகவா? தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கத்தான்!

டிசம்பர் குளிருக்குக் கம்பளிச் சால்வை அவசியம். அதோடு ஒரு நாட்காட்டியும் அவசியம் என்று சொன்னால் வியப்பீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

விருந்தாளிகளின் திகைப்பு

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் நுவரெலியாவில் கொழிக்கும் காலம். 1852இல் எழுந்த ஹோலி டிரினிட்டி தேவாலயம், பழைய ஆங்கிலேய பாணி வீடுகள், பூங்கா, ஏரி என்று ஊரே இங்கிலாந்துச் சிற்றூர் போலத் தோன்றும். கொழும்பில் வேலை பார்க்கும் வெளிநாட்டார், ஐரோப்பாவிலிருந்து வரும் சுற்றுலாக்காரர், வெளிநாட்டில் குடியேறி விடுமுறைக்குத் தாயகம் திரும்பும் இலங்கையர் என்று ஓட்டல்கள் நிரம்பி வழியும். மரம் ஜோடித்திருக்கும், கேக் வெட்டியிருக்கும், பாட்டும் இருக்கும். ஆனால் சில ஆண்டுகளில், 'இன்று மது விற்பனை இல்லை' என்ற அறிவிப்பும் கூடவே இருக்கும். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த விருந்தாளி திகைத்துப் போவார்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் விடுமுறை நாள். பௌத்தர்களின் புனித நாளான அன்று மதுக்கடைகள் மூடப்படும். டிசம்பர் போயாவின் பெயர் உந்துவப். அது சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸை ஒட்டி வந்து நிற்கும். 2015இல் டிசம்பர் 24 போயா, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்த நாள் விடுமுறையும் அதே நாளில், மறுநாள் கிறிஸ்துமஸ். மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்துக் கொண்டாடிய அழகான ஆண்டு அது! 2023இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாளே போயா வந்தது.

தேர்தல் வந்தாலும் இதே கதைதான். வாக்களிப்பு நாளில் மதுக்கடைகளை மூடுவது அங்கே வழக்கம். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலிலும், நவம்பர் 14 பொதுத் தேர்தலிலும் அப்படித்தான் மூடினார்கள். நவம்பர் 15 போயாவாகவும் அமைந்துவிட்டதால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை.

டிசம்பருக்கும் இலங்கைத் தேர்தலுக்கும் ஏதோ உறவு இருக்கிறது போலும். 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு. 1988 டிசம்பர் 19இல் பிரேமதாச வென்ற ஜனாதிபதித் தேர்தல். 1999 டிசம்பர் 21இல் சந்திரிகா மறுபடி வென்ற தேர்தல். 2001 டிசம்பர் 5இல் பாராளுமன்றத் தேர்தல். 2015இல் புத்தாண்டு பிறந்த எட்டாம் நாளே ஜனாதிபதித் தேர்தல். அதற்கு நான்கு நாள் முன்பு போயா! கிறிஸ்துமஸ் கொண்டாட மலையேறி வந்தவர்கள் தேர்தல் சுவரொட்டிகளுக்கு நடுவே நடந்த ஆண்டுகள் இவை.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரம் மது விற்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135சி பிரிவு சொல்கிறது. ஏன் இந்தக் கட்டுப்பாடு? போதையில் கலகம் வரக் கூடாது. வாக்குக்கு விலையாகப் பாட்டில் கைமாறக் கூடாது. வாக்களிப்பவர் தெளிந்த புத்தியோடு வரிசையில் நிற்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் அது மலைமேல் என்ன ஆகிறது என்று பார்க்க, ஓட்டல் வாசலை விட்டுத் தோட்டத்துக்குள் போக வேண்டும்.

முதலில் வந்த வெளிநாட்டார்

இந்த மலையில் குடியேறிய முதல் வெளிநாட்டார் இன்றைய சுற்றுலாக்காரர்கள் அல்லர். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறினார். பண்ணை அமைத்தார், கையோடு பீர் காய்ச்சவும் ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் அவ்வூரில் பெரிய மது ஆலையே இயங்கி, பின்பு கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இடம் மாறியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1876இல் துரைமார் தங்களுக்கென்று 'ஹில் கிளப்' தொடங்கினார்கள். நீண்ட காலம் அங்கே வெள்ளையருக்கு மட்டுமே இடம். ஆண்கள் மட்டுமே நுழையும் மதுக்கூடமும் அதில் இருந்தது.

அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் கடல் கடந்து வந்தது. அவர்கள் யார்? திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டி வந்த நம் ஊர் ஏழைகள்! துரை பங்களாவில் குடியேறினார். இவர்கள் லயத்தில் குடியேறினார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அறைக்கு ஒரு குடும்பம். நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் லயங்கள் போகவில்லை. இன்றும் ரயில் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

துரை குடித்தால் கிளப். தொழிலாளி குடித்தால் தவறணை. சாராயக் கடைக்கு அங்கே தவறணை என்று பெயர். சாராயக் குத்தகை ஆங்கில அரசாங்கத்துக்குக் கொழுத்த வருமானம். 1904இலும் 1912இலும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பெரிதாக எழுந்தது. ஊர்க்கடை வேண்டுமா, வேண்டாமா என்று மக்களே வாக்களித்து மூடும் முறையும் பிறகு வந்தது. கடையை மூட வாக்குச்சீட்டையே பயன்படுத்தியவர்கள் அந்தக் காலத்து மக்கள். இன்றோ வாக்குச்சீட்டுக்காகக் கடையை ஒரு நாள் மூடுகிறோம்!

மூடிய நாளின் கணக்கு

தோட்டத்துப் பெண்ணின் நாள் எப்படிப் போகிறது, தெரியுமா? விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவாள். மழைநாளில் அட்டை கடிக்கும். பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். முழு நாள் சம்பளத்தை அவர்கள் பேர் என்றே சொல்வார்கள். அந்தச் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். அதற்கு எத்தனையோ ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

நாளைக்குக் கடை இல்லை என்றால் இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்வான் குடிக்கிற கணவன். ஒரு நாள் செலவு இரண்டு நாள் செலவாகிவிடும். அதுவும் தீர்ந்தால் கசிப்பு இருக்கிறது; திருட்டுத்தனமாகக் காய்ச்சும் சாராயத்துக்கு அங்கே அதுதான் பெயர். போயாவும் தேர்தலும் கசிப்புக்காரனுக்குத் திருநாள். ஓட்டல் அறையில் தங்கியவரும் முதல் நாளே பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். ஆனால் அவருக்கு அது ஒருநாள் சங்கடம். லயத்துப் பெண்ணுக்கோ அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும் வைத்திருந்த காசு. மூடிய கதவைப் பார்த்து ஒருவர் முகம் சுளிக்கிறார். இன்னொருத்தி, இன்றைக்காவது அடி விழாமல் தூங்கலாமா என்று நினைக்கிறாள். சில வீடுகளில் அந்த ஒரு நாள் நிம்மதி உண்மையிலேயே கிடைக்கிறது. அதையும் நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

இன்னொரு சட்டத்தையும் கேளுங்கள். பெண்ணுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் இலங்கையில் விதி செய்தார்கள். 2018 ஜனவரி 10இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். நான்கே நாளில், அதைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டதாக ஜனாதிபதி சிறிசேன அறிவித்தார். ஆணும் பெண்ணும் சமம்தானே என்று ஒரு சாரார், கலாசாரம் கெடும் என்று இன்னொரு சாரார் - பெரிய விவாதம்! மது நமக்கு விலக்கப்பட்டது. விதி இருந்தாலும் போனாலும் நம் நிலையில் மாற்றமில்லை. ஆனால் அந்த விவாதத்தில் ஒரு கேள்வி எழவே இல்லை. கடைக்குள் நுழைய முடியாத பெண்ணின் கூலிதானே எத்தனையோ வீடுகளில் அந்தக் கடையின் கல்லாவுக்குப் போகிறது? அவள் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டவர்கள், அவள் காசைப் பிடுங்கி வாங்குவதைப் பற்றி என்ன சொன்னார்கள்?

விலைமதிப்பற்ற ஒரு சீட்டு

தேர்தல் நாளில் கடை மூடுவதன் அருமை மற்ற எவரையும்விட மலைநாட்டாருக்கு நன்றாகத் தெரிய வேண்டும். ஏனென்றால் அந்த வாக்கு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்தது.

1931இல் இலங்கைக்கு வயது வந்தோர் வாக்குரிமை வந்தது, பெண்களுக்கும் சேர்த்து. தஞ்சைப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர் 1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரைச் சந்தித்தவர் அவர். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடியே தொழிலாளரைத் தட்டி எழுப்பினார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அதன் தலைவர்களில் ஒருவர் அப்துல் அஸீஸ். குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மலையகத் தொழிலாளர்களுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்கள் நாடற்றவர் ஆனார்கள். தொடர்ந்து வாக்கும் போயிற்று. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எத்தனை தாய்மார் தலைமன்னார்க் கப்பலுக்குப் போகும் பிள்ளைகளை அட்டன் நிலையத்தில் அழுது அனுப்பினார்கள்! 1988இல் வந்த சட்டமும் 2003இல் வந்த சட்டமும்தான் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமையை வழங்கின. ஏறக்குறைய நாற்பது ஆண்டு காத்திருந்து வாங்கிய வாக்கு அது. ஒரு போத்தல் சாராயத்துக்கு அது ஈடாகுமா?

ஆனால் ஈடாக்கப் பார்ப்பவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் போத்தல்கள் லயத்தைத் தேடி வரும் என்பது அங்கே பழைய குற்றச்சாட்டு. 2024இல், தேர்தலுக்கு முன்னால் வழங்கப்பட்ட மதுக்கடை உரிமங்கள் அரசியல் கைம்மாறா என்ற கேள்வியே எழுந்து, டிசம்பரில் உரிமங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தேர்தலன்று ஒரு நாள் கடையை மூடிவிட்டு, தேர்தலை முன்னிட்டுப் புதுக்கடை திறந்தால் என்ன பயன்?

நீங்கள் போகும்போது

சகோதரிகளே, போகுமுன் போயா நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று இறைச்சிக் கடைகளும் திறந்திருக்காது. சமையலுக்கு முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். உந்துவப் போயாவில்தான் பாவா ஆதம் மலை யாத்திரை தொடங்குகிறது. 1344இல் இப்னு பதூதா ஏறிய அதே மலை. 7,300 அடிக்கு மேல். அட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாகப் போக வேண்டும். பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர், நம்மவர் என எல்லோரும் இரவிலே ஏறுவார்கள். போகிற வழியில் டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்தையும், அதன் கீழே விரிந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் பார்க்கத் தவறாதீர்கள்.

தோட்டத்துப் பெண்களிடம் நின்று பேசுங்கள். கூடையோடு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்கள் பேச்சில் உங்கள் பாட்டியின் ஊர்ப்பேர் எட்டிப் பார்க்கும். நம் தெருவிலும் குடிக்கிறவன் வீடு ஒன்று இருக்கலாம். அங்கேயும் ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், ஒரு நாள் மூடுகிற கடையை மற்ற நாட்களில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை அட்டன் மலைப் பெண்ணுக்கு நாற்பது ஆண்டு தாமதமாகக் கிடைத்தது. நமக்கு அது பிறந்தபோதே கையில் இருக்கிறது.