பெங்களூரில் ஏழு பேர்

8.11.1986, சனி
விடிவதற்குள் சென்னை இந்திரா நகர்ப் பக்கமெல்லாம் போலீஸ் வண்டி. ஈழ இயக்கத்துப் பையன்களைப் பிடித்து, போட்டோ எடுத்து, கைரேகை எடுத்து, ஆயுதங்களை வாரிக்கொண்டு போனார்களாம். தீபாவளியன்று சூளைமேட்டில் சுட்டதற்காக என்கிறார்கள். இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனே பெங்களூர் சார்க் மாநாட்டுக்கு வருகிறார், அதற்காகத்தான் என்கிறார் அண்ணா. மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா இறங்கி வந்தாள். "பேப்பரில ஏதும் போட்டிருக்கினமோ?"
முழங்கால் வலி. மழை.

11.11
அக்கா மறுபடி கேட்டாள். பருத்தித்துறையில் இருக்கும் அவள் பையனிடமிருந்து கடிதம் இல்லை. திருத்தவேண்டிய பேப்பர் குவிந்து கிடக்கிறது. தொடவே மனசில்லை.

14.11
ஹிண்டுவில் சார்க் சாசனம் பற்றிப் படித்தேன். போன டிசம்பர், டாக்காவில் கையெழுத்தானது. பத்தாவது பிரிவு: இரு நாட்டுத் தகராறு, சர்ச்சைக்குரிய விஷயம் எதையும் எடுக்கக்கூடாது. எந்த முடிவுக்கும் ஏழு நாடுகளின் சம்மதமும் வேண்டும். அப்படியானால் காஷ்மீர் கிடையாது, கங்கைத் தண்ணீர் கிடையாது, யாழ்ப்பாணம் கிடையாது. பின்னே எதற்குக் கூடுகிறார்கள்? அக்காவிடம் சொல்லவில்லை.

16.11, ஞாயிறு
டி.வி.யில் மாநாடு. வங்கதேசத்து எர்ஷாத், பாகிஸ்தானின் ஜுனேஜோ, மாலத்தீவின் கயூம், நேபாள ராஜா, பூட்டான் ராஜா. இவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்ததே பெரிது என்று தோன்றியது. நிஜமாகவே சந்தோஷம். ஜெயவர்த்தனே முகம் வந்ததும் அக்கா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

18.11
புலிகளின் பிரபாகரனையும் பாலசிங்கத்தையும் விமானத்தில் பெங்களூருக்குக் கூட்டிப்போனார்களாம். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அங்கே. இலங்கையின் கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிக்கிற யோசனை. புலிகள் ஒப்பவில்லை. பத்து நாள் முன்னால் யாரிடம் கைரேகை எடுத்தார்களோ அவர்களிடமே பேச்சு! மாநாட்டு மேடையில் மட்டும் வாய் திறக்கக்கூடாது.
"ஏதும் போட்டிருக்கினமோ?"
தலைவலி.

19.11
மாநாட்டுப் பிரகடனம் படித்தேன். காட்மாண்டுவில் செயலகம். பயங்கரவாதத்தை ஒழிக்க ஒத்துழைப்பு. யாழ்ப்பாணத்தில் விமானத்திலிருந்து ஊர்மேல் குண்டு போடுவதைப் பற்றி ஒரு வரி? தேடித் தேடிப் பார்த்தேன்.

25.11
போலீஸ் பறித்ததைத் திருப்பிக் கேட்டு பிரபாகரன் இருந்த உண்ணாவிரதம் முடிந்தது. பறித்த தொலைத்தொடர்புக் கருவிகளை முதலமைச்சர் திருப்பிக் கொடுக்கச் சொன்னாராம். அக்கா இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். எனக்கும் பசித்தது.

27.11
அண்ணாவோடு சண்டை. ஐரோப்பாக்காரர்கள் 1957-ல் சேர்ந்தார்கள், வெளியுறவில் கூடி நடப்பதை ஒப்பந்தத்தில் எழுதியது இந்த வருஷம்தான், சார்க்குக்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை, பொறு என்கிறார். அக்கா பையனுக்குப் பதினாறு வயசு. அத்தனை வருஷம் அவன் எங்கே ஒளிந்துகொண்டு பொறுப்பான் என்று கத்திவிட்டேன். அண்ணா சொன்னது தப்பில்லை. ஆனாலும் கத்தினேன். நாளைக்கு அக்காவைத் தபாலாபீசுக்குக் கூட்டிப்போக வேண்டும்.