பிரித்துப் பார்க்கலாமா?

அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தெரிந்திருந்தும் நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம்.

அரையாண்டு விடுமுறையில் கணக்குப் பாடம் படிக்க, செல்லிப்பட்டில் உள்ள தோழியின் வீட்டுக்கு நாங்கள் மூவர் சென்றிருந்தோம். தேநீர் கொண்டுவர அவள் உள்ளே போனாள். அவளுடைய கைப்பேசி திண்ணையில் கிடந்தது. சில நாட்களாக அவள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. எங்களைப் பற்றி யாரிடமோ குறை சொல்கிறாள் என்று ஐயம். எடுத்துப் படித்தோம். எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வெளியூரில் வேலை செய்யும் அப்பாவிடம் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் கேட்டு அவள் அனுப்பிய செய்திகளே இருந்தன. தேநீரோடு வந்தவள் பார்த்துவிட்டாள். ஒன்றும் பேசாமல் கைப்பேசியை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்ததும், மக்களின் தொலைபேசிப் பேச்சை அரசு கேட்கலாமா என்று வகுப்பில் விவாதம் நடந்தது. "கூடவே கூடாது" என்று முதலில் கை தூக்கியவர்கள் நாங்கள்தாம்! "கடத்தப்பட்ட குழந்தையைத் தேடும்போதுமா?" என்று ஆசிரியை கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அவரே விளக்கினார்.

நம் புதுச்சேரிக்கு இது புதிதன்று. 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த பாரதியாரை ஆங்கிலேய அரசின் ஒற்றர்கள் கண்காணித்தார்கள். அந்த அரசு 1885-இல் இயற்றிய தந்திச் சட்டமே சுதந்திர இந்தியாவிலும் நெடுங்காலம் நீடித்தது. பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம் என்பது அதன் விதி. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்த நிபந்தனை உண்டு. உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும், அதற்குக் கால வரம்பு வேண்டும், ஒரு குழு அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். லஞ்ச வழக்கொன்றில் 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்கும் ஆவல் மட்டும் போதாது என்றது.

கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் தலை குனிந்தோம். அவ்வளவு பெரிய அரசே காரணத்தை எழுதிவைத்து, இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நாங்களோ வெறும் ஐயத்தை நம்பிக் கை நீட்டினோம். யாருக்கும் பதில் சொல்லவில்லை.

அன்று மாலையே தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். "சரி, விடுங்கடி" என்று சிரித்தாள். ஆனால் இன்றும் எங்களைக் கண்டால் கைப்பேசியைக் கவிழ்த்துத்தான் வைக்கிறாள்.

அன்புத் தோழியரே, அரசின் கையைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. நம் கையை நாமேதான் தடுக்க வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி